அம்மா வரச் சொன்னாங்க



எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துகிற நண்பருக்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள் இருக்கிறாள். பள்ளி விட்டதும் பஸ் பிடித்து நேரே இங்கே வந்துவிடுவாள். அப்பா கிளம்பும்வரை, பழைய இதழ்க் கட்டுகளுக்கு நடுவே உள்ள மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். சென்ற மாதம் ஒரு சாயங்காலம் அவள் நோட்டை எட்டிப் பார்த்தேன். டைரக்ட் ஸ்பீச், இன்டைரக்ட் ஸ்பீச். பத்து வாக்கியங்களை மாற்றி எழுத வேண்டும். நோட்டின் உள்ளட்டையில் ஒரு பட்டியலை ஒட்டி வைத்திருந்தாள். நௌ என்றால் தென், ஹியர் என்றால் தேர், திஸ் என்றால் தட், டுடே என்றால் தட் டே, டுமாரோ என்றால் தி நெக்ஸ்ட் டே. பதினாறாம் வாய்ப்பாடு சொல்வதுபோல ஒரே மூச்சில் ஒப்பித்தாள். பத்து வாக்கியங்களையும் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை.

அந்த நேரத்தில் அவள் அப்பாவின் போன் அடித்தது. அவர் கையில் கடைசி ஃபாரத்து மெய்ப்பு. “நீயே எடும்மா” என்றார். பேசியது அம்மா. ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. “மழை வர்ற மாதிரி இருக்கு. மாடியில துணி காயுது. அப்பாவைச் சீக்கிரம் கெளம்பச் சொல்லு. வரும்போது இஞ்சி வாங்கிட்டு வாங்க.” அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு, தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்த அப்பாவிடம் போய்ச் சொன்னாள்: “மழை வர்ற மாதிரி இருக்காம்ப்பா. உங்களைச் சீக்கிரம் வரச் சொன்னாங்க. வரும்போது இஞ்சி வாங்கிட்டு வரணுமாம்.”

நான் அவளைக் கூப்பிட்டு, “அம்மா சொன்னதை அப்பாகிட்டச் சொன்னியே, அதையே இங்கிலீஷ்ல எனக்குச் சொல்லு” என்றேன். பத்துக்குப் பத்து வாங்கிய பெண் அப்படியே நின்றுவிட்டாள். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. கண் மட்டும் மேசைமேல் இருந்த நோட்டின் உள்ளட்டைக்குப் போய்ப் போய் வந்தது. அவளுக்கு வேண்டியது எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தப் பார்வை என்னை விட்டுப் போகவில்லை. இந்த மாதப் பக்கத்தை அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

அந்தப் பிள்ளை தமிழில் செய்ததை முதலில் பார்ப்போம். மூன்றே வாக்கியம். முதல் வாக்கியத்தில் ‘இருக்கு’ என்பது ‘இருக்காம்’ ஆனது. அந்த ஒரு ‘ஆம்’ போதும், மழையை நான் பார்க்கவில்லை, அம்மா பார்த்துச் சொல்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது. இரண்டாவதில் ‘கெளம்பச் சொல்லு’ என்ற கட்டளை ‘வரச் சொன்னாங்க’ ஆகிவிட்டது. பேசுகிற அம்மா இருப்பது வீட்டில், அப்பா போய்ச் சேர வேண்டியதும் வீட்டுக்கு. அதனால் கிளம்புவது வருவதாக மாறியது. மூன்றாவதில் ‘வாங்க’ என்ற ஏவல் ‘வரணுமாம்’ ஆனது. துணி விஷயத்தை அடியோடு விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டேன். “மழைன்னாலே அப்பாவுக்குத் துணி ஞாபகம் வந்துரும் சார்” என்றாள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுசேர்க்கும்போது எதை மாற்றுவது, எதை விடுவது, எதை அப்படியே வைப்பது என்று கணக்குப் போட்டுச் செய்திருக்கிறாள். இதைவிட நுட்பமான அயற்கூற்றை எந்த இலக்கணப் புத்தகம் கற்றுத்தரும்?

இதையே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் எப்படி இருக்கும்? ‘ஷி சேஸ் இட் லுக்ஸ் லைக் ரெய்ன். ஷி வான்ட்ஸ் யூ டு கம் ஹோம் எர்லி. ஷி ஆஸ்க்ட் யூ டு பை சம் ஜிஞ்சர்.’ இதில் ‘தட் டே’ எங்கே? ‘தேர்’ எங்கே? ‘லுக்ஸ்’ என்பது ‘லுக்ட்’ ஆகவில்லையே? ஆக வேண்டியதில்லை. மேகம் இன்னும் தலைக்குமேல் நிற்கிறது. அம்மா இப்போதுதான் சொன்னார்.

நம் வகுப்பறைகளில் இந்தப் பாடம் ஒரு மாற்றுக் கணக்காக நடத்தப்படுகிறது. மேற்கோள் குறியை எடு, ‘தட்’ போடு, ‘ஐ’யை ‘ஹி’ ஆக்கு, காலத்தை ஒரு படி பின்னால் தள்ளு, பட்டியலைப் பார்த்து மற்றதை மாற்று. ரென் அண்ட் மார்ட்டின் என்று எல்லாரும் அழைக்கிற இலக்கணப் புத்தகம் 1930-களில் வந்தது. மூன்று நான்கு தலைமுறை இந்தியர்கள் அதில் பயிற்சி செய்து தேறியிருக்கிறோம். என் பிரதியின் அட்டை கிழிந்து, காலிகோ ஒட்டி, இன்னும் வீட்டில் இருக்கிறது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தது. ஆனால் விதிகளுக்கு முன்னால் ஒரு மனிதர் பேசினார், இன்னொருவர் கேட்டார், அதை அவர் மூன்றாமவரிடம் போய்ச் சொல்கிறார் என்ற காட்சி வகுப்பில் வர வேண்டும். அந்தக் காட்சி வராமலே விதிகள் வந்துவிட்டன. பிள்ளைகளுக்கு வாக்கியம் தெரிகிறது, பேசுகிற ஆளைத் தெரியவில்லை.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்தப் பாடம் இரண்டு முறை வருகிறது. தமிழ் வகுப்பில் நேர்கூற்று, அயற்கூற்று. ஆங்கில வகுப்பில் டைரக்ட், இன்டைரக்ட். இரண்டு ஆசிரியர்களும் ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைப்பேன். ஏனென்றால், நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எங்கே தடுக்கி விழுகிறார்களோ, அந்த இடத்திலெல்லாம் தமிழ் தன் வழியில் நியாயமாக நின்றுகொண்டிருக்கிறது.

‘அண்ணன் நாளைக்கு வர்றேன்னு சொன்னான்.’ நாம் நாள்தோறும் பேசுகிற வாக்கியம். இதில் ‘சொன்னான்’ என்பது நான் பேசுவது. ‘வர்றேன்’ என்பது அண்ணன் பேசுவது. அண்ணனின் தன்மை வினைமுற்று, அவன் வாயிலிருந்து வந்தபடியே, என் வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டு குரல். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது ‘என்று’ என்ற ஒரு சொல். ஓலைச்சுவடிகளில் மேற்கோள் குறி கிடையாது. காற்புள்ளியே கிடையாது. ஆனாலும் யார் பேச்சு எங்கே முடிகிறது என்று படிக்கிறவருக்குத் தெரிந்தது. ‘என்று’, ‘என’, ‘என்றான்’ என்ற சொற்களே அங்கே மூடுகிற குறியாக நின்றன. தொல்காப்பியம் ‘என’, ‘என்று’ இரண்டையும் இடையியலில் எடுத்துவைத்து அவை வரும் இடங்களைச் சொல்கிறது. அந்த நூலே ‘என்ப’ என்றும் ‘என்மனார்’ என்றும் மூச்சுக்கு மூச்சு முன்னோர் சொன்னதைச் சொல்லிக்கொண்டு போகிற நூல்தானே! பழைய தமிழ் வேதாகமத்தைப் புரட்டிப் பாருங்கள், மேற்கோள் குறி இருக்காது. ‘என்றார்’ வந்ததும் பேச்சு முடிந்தது. ஆங்கிலத்திலும் 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் வேதாகமத்தில் மேற்கோள் குறி இல்லை. அந்தக் குறிகள் அச்சில் நிலைபெற்றது பிற்பாடுதான்.

ஆங்கில அயற்கூற்றில் இரண்டு குரல் இருக்க முடியாது. வாக்கியம் முழுவதும் சொல்கிறவரின் குரலாக மாறியாக வேண்டும். அண்ணனின் ‘ஐ’ என் வாய்க்கு வரும்போது ‘ஹி’ ஆகிறது. இதைச் சொல்லிக்கொடுக்காமல் பட்டியலைக் கொடுத்தால், பிள்ளை தமிழ்ப் பழக்கத்தில் ‘ஹி செட் தட் ஐ ஆம் கமிங்’ என்று எழுதும். ஆசிரியர் சிவப்பு மையில் கோடு போடுவார். அந்தப் பிள்ளைக்கு அது ஏன் தப்பென்று விளங்காது. ‘வர்றேன்னு’ சொன்னால் தமிழில் சரியாகத்தானே இருக்கிறது? சரிதான் கண்ணா, தமிழில் அண்ணனை உள்ளே உட்காரவைத்துப் பேசவிடுகிறோம், ஆங்கிலத்தில் அவனுக்குப் பதிலாக நீ பேசுகிறாய் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்தச் சிவப்புக் கோட்டுக்கு ஓர் அர்த்தம் கிடைத்துவிடும்.

கேள்வி வாக்கியங்களிலும் இதே கதைதான். ‘எங்கே போறேன்னு கேட்டார்’ என்கிறோம். உள்ளே கேள்வி கேள்வியாகவே இருக்கிறது. அதனால்தான் ‘ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஆர் யூ கோயிங்’ என்று எழுதுகிறார்கள். ‘ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்’ என்று ஏன் சொல் வரிசை மாறுகிறது? இப்போது பேசுகிற நான் யாரையும் கேள்வி கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்கப்பட்டது என்ற செய்தியைத்தான் சொல்கிறேன். கேள்வி போய்விட்டால் கேள்விக்குரிய வரிசையும் போய்விடும், கேள்விக்குறியும் விழுந்துவிடும். ஆமாம், இல்லை என்று பதில் வருகிற கேள்விகளில் ‘இஃப்’, ‘வெதர்’ வருகிறதே, அது நம் ‘வருவாளா இல்லையா என்று’ என்பதற்குச் சொந்தக்காரர் மாதிரி. ‘வெதர்’ வருமிடத்தில் அந்த ‘இல்லையா’வை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

‘சொன்னான்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நாம் எல்லாக் காரியத்தையும் முடித்துவிடுகிறோம். ஆங்கிலம் அதை ‘செட்’, ‘டோல்ட்’ என்று பங்குபிரித்து வைத்திருக்கிறது. ‘டோல்ட்’ போட்டால் யாரிடம் என்பதையும் உடனே சொல்லியாக வேண்டும். ‘ஹி டோல்ட் தட்’ என்று நம்மில் பட்டம் பெற்றவர்களும் எழுதுகிறோம். என் மேசைக்கு வருகிற கடிதங்களில் வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

காலத்தை ஒரு படி பின்னால் தள்ளுவதுதான் பிள்ளைகளை மிகவும் அழவைக்கிற இடம். பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்ற பெயரைக் கேட்டாலே முகம் வாடிவிடும். ஆனால் இதன் சாவி தமிழிலேயே இருக்கிறது. எழுத்துத் தமிழின் அயற்கூற்றைப் பாருங்கள். ‘வந்ததாகச் சொன்னார்’, ‘இருப்பதாகச் சொன்னார்’, ‘வருவதாகச் சொன்னார்’. சொன்ன நேரத்தில் வருகை முடிந்திருந்தால் ‘வந்ததாக’. சொன்ன நேரத்தில் இருந்துகொண்டிருந்தால் ‘இருப்பதாக’. சொன்ன நேரத்துக்குப் பிறகு வரப்போவதாக இருந்தால் ‘வருவதாக’. மூன்றையும் ‘சொன்னார்’ என்ற புள்ளியில் நின்றுதான் அளக்கிறோம். ஆங்கிலம் செய்வதும் அதுவே. ‘ஹி செட் ஹி ஹேட் கம்’, ‘ஹி செட் ஹி வாஸ் அட் ஹோம்’, ‘ஹி செட் ஹி வுட் கம்’. ‘வந்ததாக’ என்பதை ‘ஹேட் கம்’ பக்கத்திலும் ‘வருவதாக’ என்பதை ‘வுட் கம்’ பக்கத்திலும் கரும்பலகையில் எழுதிவிட்டு, இரண்டு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். பாதி வகுப்பு தானாகவே தலையாட்டும்.

பின்னால் தள்ளத் தேவையில்லாத இடங்களும் உண்டு. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று ஆசிரியர் நேற்றுச் சொன்னார் என்றால், இன்றும் அது அப்படித்தான் கொதிக்கிறது. ‘பாய்ல்ஸ்’ என்றே விடலாம். இதை எல்லாப் புத்தகமும் சொல்லும். புத்தகங்கள் அதிகம் பேசாத ஒன்று உண்டு, எனக்கு அதுதான் அழகாகப் படுகிறது. ‘ஷி செட் ஷி லிவ்ஸ் இன் மதுரை’ என்றும் சொல்லலாம், ‘ஷி செட் ஷி லிவ்ட் இன் மதுரை’ என்றும் சொல்லலாம். முதலாவதில் அந்தச் செய்திக்கு நானும் கொஞ்சம் பொறுப்பேற்கிறேன். இரண்டாவதில் பொறுப்பை அவளிடமே விட்டுவிடுவதுபோல ஒரு தொனி வரலாம். நம் ‘ஆம்’ செய்கிற வேலைக்கு இது பக்கத்தில் வருகிறது. ‘மதுரையில இருக்கா’ என்பதற்கும் ‘மதுரையில இருக்காளாம்’ என்பதற்கும் எவ்வளவு தூரம்!

அந்தத் தூரத்தை நீதிமன்றமும் மதிக்கிறது. வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்தக் கொள்கை தொடர்கிறது. கூண்டில் ஏறி நிற்பவர் தன் கண்ணால் கண்டதை, காதால் கேட்டதைச் சொல்ல வேண்டும். ‘செஞ்சானாம்’ என்றால் பொதுவாக எடுபடாது.

பத்திரிகைக்காரனான எனக்கு இந்தப் பாடத்தோடு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாய்க்கால் வறண்ட ஒரு கிராமத்துக்குப் போய் ஒரு பெரியவரிடம் பேசிவிட்டு வந்தேன். “தண்ணி வந்தா நடுவோம் தம்பி. வரலைன்னா என்ன செய்யறதுன்னு அப்புறம்தான் பாக்கணும்” என்றார். எழுத உட்கார்ந்தபோது அந்தச் சொற்கள் எனக்குப் போதவில்லை. “தண்ணீர் வராவிட்டால் விவசாயத்தையே விட்டுவிடுவோம்” என்று எழுதி, இருபுறமும் மேற்கோள் குறி போட்டேன். அச்சாகி வந்தது. ஒரு வாரம் கழித்து அந்தப் பெரியவர் பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சுருட்டிய இதழ் கையில். கோபமாகக்கூடப் பேசவில்லை. அந்த வரியில் விரலை வைத்து, “நான் இப்படிச் சொன்னேனா தம்பி? வெவசாயத்தை விட்டுருவேன்னு சொல்லுவேனா?” என்று கேட்டார். ஊரில் எல்லாரும் அவரிடம் நிலத்தை விற்கப் போகிறீர்களாமே என்று விசாரித்திருக்கிறார்கள். அடுத்த இதழில் திருத்தம் போட்டோம். ஆனால் அந்த விரலை நான் மறக்கவில்லை. குறிக்குள் வைப்பது அவர் சொல். குறியை எடுத்துவிட்டால் அது என் சொல், அவர் கருத்துக்கு நான் பொறுப்பு. அந்த இரண்டு சின்னக் கொம்புகளுக்கு அவ்வளவு கனம் உண்டு என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு மதிப்பெண் கேள்வி என்று மட்டும் சொன்னார்கள்.

குறியை எடுத்தபிறகு எந்த வினையைப் போடுகிறோம் என்பதிலும் நியாயம் இருக்கிறது. கூறினார், தெரிவித்தார், சுட்டிக்காட்டினார், ஒப்புக்கொண்டார், மறுத்தார், எச்சரித்தார். ‘தாமதமாக வந்ததாகக் கூறினார்’ என்றால் ஒரு செய்தி. ‘தாமதமாக வந்ததை ஒப்புக்கொண்டார்’ என்றால் ஆளைக் குற்றவாளியாக்கியாயிற்று. ஆங்கிலத்திலும் ‘அட்மிட்டட்’, ‘டினைட்’, ‘பிராமிஸ்ட்’, ‘வார்ன்ட்’, ‘ரிமைண்டட்’, ‘ரெஃப்யூஸ்ட்’, ‘ஆஃபர்ட்’ என்று எவ்வளவு வினைகள்! பேசியவரின் குரலில் இருந்த கெஞ்சலும் மிரட்டலும் தயக்கமும் மேற்கோள் குறியோடு வெளியே போய்விடாமல் காப்பாற்றுவது இந்த வினைகள்தான். பாடத்தில் இதற்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும். நாமோ ‘எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய் தட்’, ‘எக்ஸ்க்ளெய்ம்ட் வித் சாரோ தட்’ என்ற இரண்டு சாயப்பொடிகளை வைத்துக்கொண்டு எல்லா உணர்ச்சிக்கும் பூசிக்கொண்டிருக்கிறோம். இன்றைக்கு ஆங்கிலம் பேசுகிற எந்த வீட்டிலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஜெயித்த பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள் என்று எழுதினாலும் சந்தோஷம் வந்து சேர்ந்துவிடும்.

பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு அரசுப் பள்ளி ஆசிரியரின் வகுப்பில் ஒருநாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. ஒரு பையனை வராந்தாவில் நிறுத்தினார். ஒரு பெண்ணை வாசற்படியில் நிறுத்தினார். மூன்றாவது ஆளை வகுப்புக்குள்ளே, எதிர்ச் சுவரோரம். வராந்தாப் பையன் வாசற்படிப் பெண்ணிடம் மெதுவாக ஏதாவது சொல்ல வேண்டும். அவள் அதை உள்ளே இருப்பவனிடம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவன் கேட்டபடி செய்ய வேண்டும். முதலில் சின்னச் சின்ன வேலைகள். ஜன்னலைத் திற, உன் பேனாவைக் கொடு. ‘ஹி வான்ட்ஸ் யுவர் பென்’ என்று அவள் சொன்னதும் உள்ளே இருந்தவன் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடினான். ‘உன்’ யாருடையது, ‘என்’ யாருடையது என்று ஒருவரும் விதி கேட்கவில்லை. ஒருமுறை அவள் ‘ஹி வான்ட்ஸ் மை பென்’ என்று சொல்லிவிட்டாள். உள்ளே இருந்தவன் அசையவில்லை. “அப்ப நீயே குடு” என்றான். வகுப்பே சிரித்தது. பிரதிப்பெயர்ப் பாடம் அத்தோடு முடிந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது மறுநாள் நடந்ததுதான். அதற்காகவே இன்னொரு நாள் லீவு போட்டுவிட்டுத் தங்கினேன். திங்கட்கிழமை வராந்தாவிலிருந்து வந்த கடைசிச் செய்தி, ‘தேர் இஸ் எ மேட்ச் டுமாரோ.’ செவ்வாய்க்கிழமை காலை வந்ததும் ஆசிரியர் வாசற்படிப் பெண்ணை எழுப்பி, நேற்று அவன் என்ன சொன்னான் என்று கேட்டார். பட்டியலை மனப்பாடம் செய்திருந்த ஒரு மாணவன் முந்திக்கொண்டு, ‘ஹி செட் தட் தேர் வாஸ் எ மேட்ச் தி நெக்ஸ்ட் டே’ என்றான். அவள் கொஞ்சம் யோசித்தாள். விரலை மடக்கினாள். பிறகு, ‘ஹி செட் தேர் வாஸ் எ மேட்ச் டுடே’ என்றாள். டுமாரோ என்பது டுடே ஆகிவிட்டது! எந்தப் பட்டியலிலும் இல்லாத மாற்றம். ஆசிரியர் அந்தப் பையனையும் தவறென்று சொல்லவில்லை. “நீ சொன்னதும் சரி. ஒரு மாசம் கழிச்சு இந்தக் கதையைச் சொன்னா அப்படித்தான் சொல்லணும். ஆனா இன்னைக்கு மேட்ச் பார்க்கப் போகணும்னா இவ சொன்னதைத்தான் கேக்கணும்” என்றார்.

யார் சொன்னது, யாரிடம், எங்கே, எப்போது. அதை இப்போது யார், யாரிடம், எங்கே நின்று, எப்போது திருப்பிச் சொல்கிறார். இதைக் கேட்டுப் பார்க்காமல் ஒரு வாக்கியத்தையும் மாற்றக் கூடாது என்பது அந்த வகுப்பின் பழக்கம். கேட்டுப் பார்த்தபிறகு, பட்டியல் சொல்கிற விடையும் அதில் ஒன்றாகத் தானாக வந்து நிற்கிறது. பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை நான். பொதுத்தேர்வு இருக்கிறது, மதிப்பெண் வேண்டும். தாளில் கொடுத்த வாக்கியத்துக்கு வராந்தாவும் கிடையாது, திங்கட்கிழமையும் கிடையாது. அங்கே பட்டியல்தான் கைகொடுக்கும். அதைக் கடைசி வாரத்தில் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். முதல் நாளே கொடுத்துவிட்டால் அதன்பிறகு பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிடுகிறது.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் இதில் கைகொடுக்கலாம். இதைக் குறிப்பாக எழுத நினைத்தேன், ஏனென்றால் ‘எனக்கு இங்கிலீஷ் வராது, பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவேன்’ என்று வருந்தி வருகிற கடிதங்கள் குறைவதே இல்லை. பிள்ளையைக் கடைக்கு அனுப்பும்போது அண்ணாச்சியிடம் ஒரு சேதி சொல்லி அனுப்புங்கள். திரும்பி வந்ததும் அவர் என்ன பதில் சொன்னார் என்று கேளுங்கள். முதலில் அவர் பேசியபடியே சொல்லட்டும். பிறகு தாத்தாவிடம் போய் அதையே சுருக்கமாகச் சொல்லட்டும். ‘தான்’, ‘தனக்கு’ என்ற சொற்களை எழுத்தில் பழக்குங்கள். ‘தனக்கு உடம்பு சரியில்லை என்று மாமா அப்பாவிடம் சொன்னார்’ என்று எழுதினால் உடம்பு சரியில்லாதவர் மாமாதான் என்று ஐயமில்லாமல் தெரிகிறது. ‘ஹி டோல்ட் ஹிம் ஹி வாஸ் நாட் வெல்’ என்பதில் அது தெரியுமா? சொல்லிப் பாருங்கள், யாருக்கு உடம்பு என்று கேட்கத் தோன்றும். தன் மொழியில் இவ்வளவு துல்லியம் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை அடுத்த மொழியின் வாசலில் பயந்து நிற்காது.

சென்ற வாரம் மெய்ப்புத் திருத்துகிற நண்பர் வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்கு அவர் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தால் மகள். வணக்கம் சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு நிறுத்தி நிறுத்திப் பேசினாள். ‘மை ஃபாதர் ஹேஸ் ஃபீவர். ஹி சேஸ் ஹி கான்ட் கம் டுடே. ஹி ஆஸ்க்ட் மீ டு டெல் யூ தட் தி புரூஃப்ஸ் ஆர் இன் ஹிஸ் டிராயர்.’ கொஞ்ச நேரம் மௌனம். “சரியா சார்?” என்று தமிழில் கேட்டாள்.

எல்லாம் சரி என்றேன். மெய்ப்பு கிடைத்துவிட்டது என்று சொல்லச் சொன்னேன். கூடவே, அப்பாவை இரண்டு நாள் எழுந்திருக்காமல் படுத்திருக்கச் சொன்னதாகவும் சொல்லச் சொன்னேன். “இங்கிலீஷ்லயா சார், தமிழ்லயா?” என்று கேட்டாள். “அப்பா எதுல கேப்பாரோ அதுல” என்றேன்.

அன்புடன்,
ஆசிரியர்